ஒஹாகோ என்ற சொல்லும் எங்கள் வீட்டுப் புதன்கிழமையும்

ஹிமி,
டிசம்பர் 12

தங்கள் நாளிதழில் ஞாயிறுதோறும் ‘சொல்லும் சங்கதியும்’ எழுதிவரும் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே குளிர்கால இடி தொடங்கிவிட்டது. இடி இடித்தால் புரி மீன் கரைக்கு வரும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. மீன் வந்ததோ இல்லையோ, எங்கள் கூரை ஓடு ஒன்று முற்றத்துக்கு வந்துவிட்டது. தங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சளி காய்ச்சல் இல்லாமல், காலுறை நனையாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முன்பின் தெரியாதவருக்கு நீளமாகக் கடிதம் எழுதுவது முறையல்ல என்று அறிவேன். தெரிந்தவர்களுக்கே நான் புத்தாண்டு அட்டைக்கு மேல் எழுதியதில்லை. பொறுத்தருள வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறன்று தாங்கள் ‘ஒஹாகோ’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டீர்கள். ஒருவர் எங்கே மைக்கைப் பிடித்தாலும் பாடுகிற, அவருக்கென்றே ஆகிப்போன பாட்டை ஏன் ‘பெட்டி’ என்று பொருள்படும் இந்தச் சொல்லால் அழைக்கிறோம், எழுதும்போது மட்டும் ஏன் ‘பதினெட்டாம் எண்’ என்று எழுதுகிறோம் என்று விளக்கியிருந்தீர்கள். கபுகி நடிகர் குடும்பம் ஒன்று தனக்கே உரிய பதினெட்டு நாடகங்களின் ஏடுகளைப் பெட்டியில் பூட்டிக் காத்தது என்பது ஒரு கதை. அரிய கிண்ணத்தை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் ‘இது அசல்தான்’ என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கையெழுத்திடுவாரே, அதிலிருந்து வந்தது என்பது இன்னொரு கதை. எது சரி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்திருந்தீர்கள். அழகான கட்டுரை. இரண்டு முறை படித்தேன். அதன் விளைவாக எங்கள் வீட்டில் ஐந்து வாரமாகப் புதன்கிழமை என்பதே இல்லை.

விளக்கிச் சொல்கிறேன். நான் ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவள். என் அப்பா யபுதா கிஞ்சி துறைமுகத்து ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்க்கிறார். அம்மா மீன் சந்தை உணவகத்தில் சமைக்கிறார். புதன்கிழமை மீன் ஏலம் கிடையாது, ஆனால் உணவகம் உண்டு. எனவே புதன் மதியம் ஒரு மணிக்கு அப்பா தலை வாரிக்கொண்டு ஊர்ப் பொதுக்கூடத்தில் நடக்கும் கரோக்கி சங்கத்துக்குப் போய்விட்டால், மூன்று மணி வரை வீட்டில் நானும் பூனையும் மட்டும். வாரத்தில் நான் பிறர் பிழையைத் தேடாமல் ஒரு புத்தகத்தைப் படிப்பது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். இந்தக் கடிதத்தில் என் சொந்த நலன் இருக்கிறதா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சங்கத்தில் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு ஒஹாகோ உண்டு. யாருடையது எது என்ற பட்டியல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அது சங்கத் தலைவி நிஷிதே-சானின் தலைக்குள் இருக்கிறது. அவர் அழகு நிலையம் நடத்துகிறவர், ஊரில் பாதிப் பேருடைய தலையும் அவர் கையில்தான். ஒருவருடைய பாட்டை இன்னொருவர் பாடுவதில்லை. பாடக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை, பாடுவதில்லை, அவ்வளவுதான். அப்பாவின் பாட்டு ‘ஏழாம் எண் படகுத்துறை’. கப்பலில் போகிறவனை ஒரு பெண் வழியனுப்புகிறாள், கயிறு அவிழ்கிறது, பனி பெய்கிறது, வேறொன்றும் நடப்பதில்லை. அதை அப்பா இருபத்திரண்டு வருடமாகப் பாடுகிறார். அப்பா அதைக் கற்ற பழைய கரோக்கி இயந்திரத்தில் இரண்டாம் சரணத்துக்கு வந்ததும் நாடா கொஞ்சம் இழுபடும். இயந்திரத்தை மாற்றிப் பன்னிரண்டு வருடமாகியும் அப்பாவை மாற்ற முடியவில்லை. ‘கயிறு’ என்ற சொல்லில் இன்றும் தாளத்தில் அரைத் தட்டு பிந்துவார். புதிய இயந்திரம் நூற்றுக்கு மதிப்பெண் போடும். அப்பாவுக்கு எழுபத்தொன்று. ஒரு வாரமும் எழுபது இல்லை, எழுபத்திரண்டும் இல்லை. அவர் பாட்டில் மயங்கித்தான் அம்மா கல்யாணம் செய்துகொண்டார் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அம்மாவைக் கேட்டால், “மயங்கவும் இல்ல, மண்ணும் இல்ல. கட்டிக்கிட்டா நிறுத்திடுவார்னு நெனச்சேன்,” என்பார்.

அக்டோபரில் கனசவா பக்கமிருந்து ஒகுனோ-சான் என்பவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். வீடுவீடாக ஆரஞ்சு கொடுத்து வணங்கினார், குப்பையை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், ஒரு குறையும் சொல்ல முடியாது. குரல்தான். அவர் “காலை வணக்கம்” என்று சொன்னாலே நாம் நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நகர்ந்து நிற்போம். அப்படிப்பட்டவர் சங்கத்தில் சேர்ந்த முதல் நாளே எழுந்து நின்று முறையாகக் கேட்டிருக்கிறார்:

“நான் எந்தப் பாட்டைத் தொடக் கூடாதுன்னு தயவுபண்ணி சொல்லிடுங்க.”

“அய்யய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. இங்க யாரும் எதையும் பாடலாம்,” என்றாராம் நிஷிதே-சான். வேறென்ன சொல்வார்? புதிதாக வந்தவரிடம் பட்டியலா வாசிக்க முடியும்?

அதோடு விட்டிருக்கலாம். என் அப்பா, ஒரு வாரத்துக்கு ஒன்பது வாக்கியம் பேசுகிறவர், அன்று பார்த்துப் பத்தாவதையும் பேசினார்.

“ஏழாம் எண் படகுத்துறை பாடுங்களேன். உங்க குரலுக்கு அம்சமா இருக்கும்.”

“அது நீங்க பாடுற பாட்டுன்னு தெருவுல சொன்னாங்களே, யபுதா-சான்.”

“நான் எங்க பாடுறேன். கத்துறேன்.”

“வேணாங்க, அது சரியா வராது.”

“அட, சும்மா பாடுங்க.”

“இல்லைங்க, இருக்கட்டும்.”

“பாடுங்கன்னா!”

ஒகுனோ-சான் பாடிவிட்டார். தொண்ணூற்றாறு.

தாங்கள் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர், தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு தட்டில் ஒரே ஒரு துண்டு சஷிமி மீன் மிஞ்சும். அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் எல்லோரையும் வற்புறுத்துவார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். அது காய்ந்து போகும், அதுதான் மரியாதை. அப்பா அந்தக் கடைசித் துண்டை நீட்டினார், ஒகுனோ-சான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார் என்பது சங்கத்தின் கட்சி. ஆனால் மூன்று முறை நீட்டியதை மூன்றாம் முறையும் மறுத்தால் நீட்டியவரை அவமதித்ததாகும் என்பது ஒகுனோ-சானின் கட்சி. அதுவும் சரிதானே? நானே இரவெல்லாம் யோசித்தும் இருவரில் யார் தவறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் தவறு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அடுத்த இரண்டு வாரம் அப்பா போனார், உட்கார்ந்தார், கை தட்டினார், “தொண்டை சரியில்ல” என்று பாடாமல் வந்தார். வீட்டில் கேட்டால், “பாட்டுதானே. ஊர்ல யார் வேணாலும் பாடலாம். நானேதான் பாடச் சொன்னேன்,” என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். எங்கள் வீட்டுக் கதவு காகிதக் கதவு, அதற்குப் பின்னால் மெதுவாக யாராவது ‘ஏழாம் எண் படகுத்துறை’யை முணுமுணுத்தால் கேட்கும். கேட்டது. தனக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒகுனோ-சான் அந்த நிமிடமே கொடுத்துவிடுவார். ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதைவிட ஐஸ் அரைக்கும் இயந்திரத்தில் கையை விடுவது மேல் என்று நினைக்கிறவர் என் அப்பா.

இந்தச் சமயத்தில்தான் தங்கள் கட்டுரை வந்தது.

நிஷிதே-சான் அதை வெட்டி, கண்ணாடித்தாள் போர்த்தி, பொதுக்கூடத்துச் சுவரில் தீயணைப்பு விதிகளுக்கு மேலே ஒட்டினார். புதன் வருவதற்குள் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. பூட்டிக் காத்ததால்தான் பெட்டி என்று ஆறு பேர். அப்படியானால் ஒஹாகோவை எப்போதாவதுதான் வெளியே எடுக்க வேண்டும், வாராவாரம் எடுத்துப் பாடித் தேய்த்த யபுதா-சான் தன் உரிமையைத் தானே கெடுத்துக்கொண்டார் என்பது அவர்கள் வாதம். கையெழுத்தால்தான் பெட்டி என்று நான்கு பேர். அப்படியானால் அசல் எது என்று யாராவது சான்று கொடுக்க வேண்டும், இயந்திரம் தொண்ணூற்றாறு கொடுத்திருக்கிறதே என்பது இவர்கள் வாதம். கவனித்தீர்களா, எந்தப் பக்கம் போனாலும் அப்பாவுக்குத் தோல்விதான். அவர் தரப்பில் இருந்தது அவர் மட்டும். அவரும் பேசவில்லை.

பேசவில்லையே தவிர, யோசித்திருக்கிறார். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேநீர்க் கிண்ணம் ஒன்று, மூடியில் குயவரின் கையெழுத்தோடு மரப்பெட்டிக்குள் இருந்தது. நவம்பர் ஆறாம் தேதி காலையிலேயே அப்பா கிண்ணத்தை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு, பாட்டு எழுதிய தாளை நான்காக மடித்து அந்தப் பெட்டிக்குள் போட்டு, பட்டுநாடா கட்டி, மதியம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். மேசைமேல் வைத்தார்.

“பெட்டி இருக்கு. கையெழுத்தும் இருக்கு,” என்றார்.

நிஷிதே-சான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியை வாசித்தார். “இதுல ‘தேநீர்க் கிண்ணம்’னுல்ல எழுதியிருக்கு, யபுதா-சான்.”

“பாட்டுக்குன்னு எவன் பெட்டி செய்றான்?”

“கிண்ணம் எங்க?”

கிண்ணத்தில் அப்போது எங்கள் பூனை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தாழ்வாக ஒரு பாத்திரம் கண்ணில் பட்டதும் அம்மா வேலைக்குப் போகும் முன் அதில் சோறு போட்டுவிட்டுப் போயிருந்தார். இன்றுவரை பூனை வேறு எதிலும் வாய் வைப்பதில்லை. சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒகுனோ-சான் மட்டும் சிரிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு போகவில்லை.

போகாதவர் எங்கே இருப்பார்? கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, எனக்கு எதிரே. ஐந்து புதன். முதல் புதன் என் பெரிய அகராதியை எடுத்து ஒஹாகோவைப் பார்த்தார். தங்களைப் போலவே அதுவும் கைவிரித்துவிட்டது. உடனே மூடிவைக்க வேண்டியதுதானே? எடுத்தது எடுத்தாயிற்று என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். சத்தமாக. ‘அ’ வரிசை முடிந்தது. நேற்று ‘இ’யில் ‘இகா’ வரை, அதாவது கணவாய் மீன் வரை வந்து, அகராதிக்காரர் கணவாயைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிப் பென்சிலால் திருத்தம் எழுதினார். என் கையில் ஒரு நாவல் ஐந்து வாரமாக நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கிறது. கதாநாயகி குடையை விரிக்கப் போகிறாள். இன்னும் விரிக்கவில்லை.

இதற்கு நடுவில் சங்கத்தார் என்னை வரவழைத்தார்கள். ‘புத்தகம் படிக்கிற பொண்ணு’ தீர்ப்புச் சொல்லட்டுமாம். நான் கூட்டத்துக்கு நடுவில் பேசுகிறவள் அல்ல. பள்ளியில்கூட ‘உள்ளேன்’ என்பதைத் தலையசைத்துத்தான் சொன்னேன். அப்பாவுக்காகப் போனேன். மூன்று அகராதிகளைத் தூக்கிக்கொண்டு போய், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன, ஆகவே சொல்லின் மூலம் உறுதியில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“இதைச் சொல்ல மூணு புஸ்தகமா?” என்றார் ஒருவர்.

“படிச்சவங்ககிட்டக் கேட்டா இப்படித்தான். வயித்து வலின்னு போனா வயிறுன்னா என்னன்னு ஆரம்பிப்பாங்க,” என்றார் இன்னொருவர்.

நிலைமையைத் தணிக்கலாம் என்று, கரோக்கி என்ற சொல்லின் மூலம் மட்டும் சந்தேகமில்லாதது, வாத்தியக்காரர்கள் இல்லாத ‘காலி இசைக்குழு’ என்று தொழில்காரர்கள் பேசிக்கொண்டதிலிருந்து வந்தது என்று ஒரு தகவலைச் சேர்த்தேன். சேர்த்திருக்கக் கூடாது.

“காலியா? இருபத்தாறு வருஷமா நடத்துற சங்கம்மா இது. நீ வந்து காலிங்கிற!” என்றார் நிஷிதே-சான். என் முடியை இனி யார் வெட்டுவார்கள் என்று தெரியவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சங்கத்தின் ஆண்டிறுதி விருந்து வருகிற பதினெட்டாம் தேதி புதன் மதியம். தேதி பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவருக்குத் திருப்தி. நிகழ்ச்சி நிரலில் ‘ஏழாம் எண் படகுத்துறை’க்கு எதிரே பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார். அதற்குள் யபுதா-சான் வாய் திறந்து தனக்கு வேண்டும் என்று சொன்னால் அவருக்கு, இல்லையென்றால் இனி என்றைக்கும் ஒகுனோ-சானுக்கு. அப்பாவிடம் சொன்னேன். “யார் பாடினா என்ன?” என்று கேட்டுவிட்டு அகராதியில் அடுத்த சொல்லுக்குப் போனார்.

ஆகவே என் வேண்டுகோள். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில், ஒஹாகோ என்ற சொல்லுக்கு, ஒருவர் நீண்ட காலம் பாடிவந்ததாலேயே, எழுபத்தொன்று வாங்கினாலும், தானே பிறருக்கு நீட்டிவிட்டிருந்தாலும், அவரை விட்டுப் போகாத பாட்டு என்று ஒரு பொருள் உண்டு என இரண்டு வரி சேர்க்க முடியுமா? எந்தப் பழைய நூலிலாவது ஒரு மூலையில் இருக்காதா? தங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. ‘என்றும் சிலர் கூறுவர்’ என்று எழுதினால் போதும். அந்தச் சிலரில் நான் ஒருத்தி. அப்பாவால் வாய் திறந்து கேட்க முடியாததை அச்சான எழுத்து கேட்டுக் கொடுக்கட்டும். எனக்கு என் புதன்கிழமை வேண்டும், அமைதி வேண்டும், அந்தப் பெண் குடையை விரிக்க வேண்டும். எனக்குப் பாட்டில் ஈடுபாடு கிடையாது, எனக்கென்று ஒரு பாட்டும் கிடையாது. எனவே இதை நடுநிலையான வேண்டுகோளாகவே கொள்ளலாம்.

பனி இறுகும் காலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் கழுத்துத்துணி மறக்காமல் வெளியே செல்லவும். வருகிற ஆண்டு தங்களுக்கு நல்ல சொற்களாகவும், மூலம் தெரிந்த சொற்களாகவும் அமையட்டும்.

மிகுந்த மரியாதையுடன்,
யபுதா சிஹோ

பின்குறிப்பு (டிசம்பர் 25): மேலே கேட்டுக்கொண்ட எதையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். இந்தக் கடிதத்தை உறையில் போடும் முன் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை. நான்காவது முறை முடிவதற்குள் பதினெட்டாம் தேதி வந்துவிட்டது.

விருந்துக்கு வர மாட்டேன் என்ற அப்பாவை, “பாட வேணாம், முள்ளங்கிப் பானையத் தூக்கிட்டு வாங்க. என்னால முடியல,” என்று உணவகத்துக்கு விடுப்புச் சொன்ன அம்மா கூட்டிவந்தார். அப்பா பானைக்குப் பக்கத்திலேயே கரண்டியோடு நின்றுகொண்டார். பெயர் எழுதாத பாட்டுக்கு முறை வந்தது. நிஷிதே-சான் அப்பாவைப் பார்த்தார். அப்பா பானையைப் பார்த்தார். ஒகுனோ-சான் எழுந்தார். முதல் சரணம் பிரமாதம், பலர் மஞ்சள் கோட்டைத் தேடினார்கள். இரண்டாம் சரணத்தில் ‘கயிறு’ வந்தது. ஒகுனோ-சான் சரியான தட்டில் எடுத்தார். கூடவே முணுமுணுத்துக்கொண்டும் கை தட்டிக்கொண்டும் இருந்த மற்ற எல்லோரும் அரைத் தட்டு பிந்தி எடுத்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அவர்கள் கேட்ட பாட்டு அதுதானே. சரியாகப் பாடியவர் ஒருவர், தப்பாகப் பாடியது ஒரு கூடம். ஒகுனோ-சான் தடுமாறி நின்றார். இயந்திரம் மட்டும் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. பானைக்குப் பக்கத்திலிருந்து அடுத்த வரி வந்தது. தான் பாடுகிறோம் என்று அப்பாவுக்கே தெரிந்திருக்காது.

“நான் ரயில்காரன்,” என்றார் ஒகுனோ-சான். “நேரத்துக்குக் கிளம்பிட்டேன். இந்தக் கப்பல் எப்பக் கிளம்பும்னு உங்களுக்குத்தான் தெரியும் போல, யபுதா-சான்.” குனிந்து வணங்கி மைக்கை நீட்டினார்.

“அட, நீங்களே பாடுங்க.”

“இல்லைங்க, நீங்க.”

“வேணாங்க, நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு.”

“தயவுசெஞ்சு.”

கூடத்தில் எல்லோரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். அம்மா விரலை மடித்தே எண்ணினார். மூன்றாம் முறை நீட்டியபோது அப்பா கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். இயந்திரத்தை மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். எழுபத்தொன்று. கூடம் எழுந்து நின்று கத்தியது. நிஷிதே-சான் அந்தப் பெட்டியை வரவழைத்து, மூடியில் ‘தேநீர்க் கிண்ணம்’ என்பதற்குக் கீழே ‘ஏழாம் எண் படகுத்துறையும், அசல்’ என்று எழுதினார். பதினொரு பேரும் கையெழுத்திட்டார்கள், முதல் கையெழுத்து ஒகுனோ-சானுடையது. அவருக்கு இனி வேறொரு பாட்டு. ரயில் வருகிற பாட்டு, அதில் யாரும் கைவைக்கப் போவதில்லை.

இன்று புதன். அப்பா ஒரு மணிக்குத் தலை வாரிக்கொண்டு போய்விட்டார். அகராதி ‘இ’யிலேயே நின்றுவிட்டது. வீடு எனக்கும் பூனைக்கும். கேட்ட அமைதி முழுதாகக் கிடைத்திருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து ஒரு மணி நேரமாகிறது. அந்தப் பெண் இன்னும் குடையை விரிக்கவில்லை. காரணம், வீட்டில் யாரோ தொடர்ந்து ‘ஏழாம் எண் படகுத்துறை’யை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். எழுந்து போய் வானொலியைப் பார்த்தேன், அணைந்திருந்தது. இரண்டாம் சரணம் வந்தபோதுதான் நான்தான் என்று தெரிந்தது. அரைத் தட்டு பிந்தியிருந்தேன்.